வந்த மலமும் இருந்த மலமும்

ஃபிளைட் சிமுலேட்டரில் ஏதாவது பிழைத்தால் எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: கொம்யூனிட்டி போல்டரைக் காலி பண்ணிப் பார். 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில், நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிற விமானம், விமான நிலையம், மலை, பாலம் என்ற மொட்கள் எல்லாம் அந்த ஒரு போல்டருக்குள்தான் போகும். விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டாலும் சரி, ஓடுபாதை தரைக்கு மேலே மிதந்தாலும் சரி, உள்ளே இருப்பதையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு வெறும் விளையாட்டை ஓடவிட வேண்டும். ஒழுங்காக ஓடினால் குற்றம் வந்ததில். அப்போதும் விழுந்தால் குற்றம் இருந்ததில்.

சைவ சித்தாந்தம் எண்ணூறு வருடமாக மல்லுக்கட்டுவதும் இந்தக் கேள்வியோடுதான். உயிரைப் பிடித்திருக்கும் குற்றம், அதாவது மலம், இடையில் வந்து ஒட்டியதா, என்றைக்கும் கூடவே இருந்ததா? கன்மமும் மாயையும் வந்து சேர்ந்தவை, ஆணவம் ஒருநாளும் வந்ததில்லை, செம்பில் களிம்புபோல உயிரோடேயே கிடப்பது என்பது சாத்திரத்தின் தீர்ப்பு. பிரச்சினையில் வந்தது எது, இருந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் சித்தாந்தியும் ஆக முடியாது, மொட் போடவும் முடியாது.

நான் பண்டிதன் இல்லை. சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி கழுவும் பகுதியில் வேலை. ஓய்வு நாளில் ரயிலேறி, அரை மணித்தியாலத்துக்குள் பேர்ண் போய், ஐரோப்பாபிளாட்ஸில் 2014 கடைசியில் திறந்த பல்சமய இல்லத்துக்குள் இருக்கும் ஞானலிங்கேச்சுரரைக் கும்பிடுவேன். அங்கே பூசை தமிழில் நடக்கும், பெண்களும் செய்வார்கள். திரும்பும் ரயிலில் சிவஞான சித்தியார். இரவில், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, பறப்பு.

என் போல்டருக்குள் முதலில் போனது பலாலி. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் போட்ட ஓடுபாதை அது. 1990இல் சுற்றுப்புற ஊர்ச் சனம் எழும்பி ஓட, ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. எங்கள் மயிலிட்டியும் அதற்குள்தான் போனது. 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலியைத் திறந்தார்கள். யாரோ ஒரு பெடியன் அந்தச் சின்ன முனையக் கட்டடத்தையும் கோபுரத்தையும் வேலியையும் உட்கார்ந்து செய்து, காசு வாங்காமல் பொதுவில் விட்டிருந்தான். இதைப் பொய் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சித்தாந்தி மாயையைப் பொய் என்று சொல்கிறவன் அல்லன். அவனுக்கு மாயை என்பது பொருள்களின் மூலம். உயிருக்கு உடம்பும் கருவியும் உலகமும் நுகர்ச்சியும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்று நான்காகப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது அவர்கள் முழிப்பார்கள். விமானம் ஒரு பொதி, கருவிப்பலகை ஒரு பொதி, தரைக்காட்சி ஒரு பொதி, மூன்றும் சேர்ந்தால்தான் பறப்பு என்று சொன்னால் கடைசி வாங்குக்காரனும் தலையாட்டுகிறான்.

சின்னப் பிழைகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சிப்பை விரிக்கும்போது போல்டருக்குள் இன்னொரு போல்டர் விழுந்து, மனிஃபெஸ்ட் கோப்பு ஒரு படி உள்ளே போய்விடும். எடுத்து வெளியே வைத்தால் சரி. லேஅவுட் என்ற கோப்பில் பொதிக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் பாதையும் அளவும் திகதியும் எழுதியிருக்கும். அதில் பெயரில்லாத கோப்பு உள்ளே கிடந்தாலும் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது.

ஒரு பொதி முழு விளையாட்டையும் விழுத்துகிறது என்றால் பாதி வைத்தியம். பாதியை வெளியே எடு, ஓட்டிப் பார், பழுதுள்ள பாதியை மறுபடி பாதியாக்கு. 64 பொதி இருந்தாலும் ஆறு தரத்தில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். ஆனால் இது குற்றவாளி ஒருவன் என்றால்தான் செல்லும். ஒரே விமானத்தளத்துக்கு இரண்டு பேர் செய்த காட்சிகளை வைத்துப் பாருங்கள். இங்கே பக்கத்துப் பயேர்ன் தளத்துக்கே அப்படிப் போட்டால், தனித்தனியே இரண்டும் தங்கம். சேர்த்தால் கட்டடத்துக்குள் கட்டடம், பள்ளத்தில் ஓடுபாதை. யாரில் பிழை? இருவரிலும் இல்லை. மனிதரிடையே நடக்கிற பாதிச் சண்டை இந்த வகைதான். அதைத் தூக்கி ஆணவத்தின் தலையில் போடுவது ஆணவத்துக்கு அநியாயம்.

என் சிமுலேட்டர் விழத் தொடங்கியபோது அண்ணையின் மகன் வந்து பார்த்தான். இங்கே பிறந்து வளர்ந்தவன், பொறியியல் படிக்கிறவன்.

“எல்லாத்தையும் எடுத்து விடுங்கோ சித்தப்பா. பலாலியையும்தான். ஒண்டும் இல்லாமல் சுத்தமா ஓடவிட்டால் அது தன்ரபாட்டில ஓடும்.”

“அது வேதாந்தமடா தம்பி” என்றேன். மேலே ஏற்றியதை நீக்கினால் அடியில் இருப்பது என்றும் தூயது, குற்றமெல்லாம் ஏற்றியதில் என்பது அத்வைதிகளின் வழி. அழகான வழி. பலாலி போனது, பாலங்கள் போயின, போல்டர் வெறுமையாயிற்று. ஆல்ப்ஸ் மேலே வெறும் விளையாட்டு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, முன்னைப்போலவே விழுந்தது.

இதற்கு மேல்தான் விஷயம் ருசியானது. விண்டோஸ் தன் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு விழுகைக்கும் குற்றவாளியின் பெயரைப் பதிந்து வைக்கும். திறந்தால் ஒருமுறை கிராஃபிக்ஸ் டிரைவர், அடுத்த முறை விண்டோஸின் சொந்தக் கோப்பு, பிறகு விளையாட்டேதான். தினம் ஒரு பெயர். திருவருட்பயனில் உமாபதி சிவம் இருள்மலத்தைப் பற்றிச் சொல்வது எனக்கு அங்கேதான் விளங்கியது. சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், இருட்டு இருக்கிறது என்பதையாவது காட்டும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தினம் பெயர் மாறினால் பெயர் சொல்லப்பட்ட ஒருவரிலும் பிழை இல்லை, சொல்கிற இடமே பழுது என்று சந்தேகிக்க வேண்டும். மருமக்களின் பெயரை மாற்றி மாற்றிக் குற்றம் சொல்லும் மாமிமாரை எனக்குத் தெரியும்.

அண்ணையின் பெடியன் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்டை யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டான். காலையில் திரை சிவப்பாய் இருந்தது. இரண்டு மெமரிக் குச்சிகளில் ஒன்று பழுது. 3600 என்று எழுதி விற்ற வேகத்தில் எழுதியதைப் பிழையாகத் திருப்பித் தருகிறது, வேகத்தை 2133க்கு இறக்கினால் அடங்கிக் கிடக்கிறது. பழுது போகவில்லை, அதன் வலி மட்டும் அடங்கியிருக்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்திதான் மடங்குகிறது என்று சாத்திரம் சொல்வதை இத்தனை நாளும் நான் ஒரு சமாளிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்து சேர்கிறவை வெறும் சுமையும் அல்ல. விளையாட்டோடு வந்த ஏ320நியோ விமானத்தை எடுத்து, அதன் கருவிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி இலவசமாய்த் தந்தது ஃபிளைபைவயர் என்ற தன்னார்வக் குழு. அதுவும் கொம்யூனிட்டி போல்டருக்குள் போடுகிற மொட்தான். உள்ளே குறை இருக்கும்போது வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பதே மருந்து. கன்மமும் மாயையும் மலம் என்றால், ஏற்கெனவே மலத்தில் கிடக்கிற உயிருக்கு இறைவன் அவற்றையும் ஏன் சேர்க்கிறான் என்ற கேள்விக்குச் சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் சொல்லும் மறுமொழி, அழுக்குத் துணிக்குச் சாணமும் உவர்மண்ணும் ஏற்றுகிற சலவைக்காரன். என் மெஷினிலும் இதே கதைதான். முதலில் காரம் ஏற்றுவோம். அது அழுக்கைக் கழற்றும். ஆனால் அந்தக் காரம் துணியில் நின்றுவிட்டால் கிழவிகளின் தோல் அரித்துச் சிவந்துவிடும். அதனால் பலமுறை அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டுக் காரத்தை முறிப்போம். அழுக்கெடுக்கப் போட்டதையே பிறகு எடுக்க வேண்டியிருக்கிறது. இதில் அருணந்தி அதிகம் பேசாதது அலசும் தண்ணீரின் செலவைப் பற்றி. ஒரு பிறவி போதாது என்பது அந்தக் கணக்காக இருக்கலாம்.

இல்லத்தில் ஓய்வுபெற்ற பாதர் ஒருவர் இருக்கிறார். இது கத்தோலிக்க ஊர். இயேசு சபைத் துறவி கனீசியஸ் 1582இல் கல்லூரி தொடங்கி, 1597இல் கண்மூடியதும் இங்கேதான். 1889இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இறையியல் டொமினிக்கன் துறவிகளின் கையில் வளர்ந்தது. சட்டைகளைக் கொண்டுபோய் அலுமாரியில் அடுக்கும்போது அவரிடம் ஆணவத்தைச் சொன்னேன். உடனே, “அது எங்கள் பிறவிப் பாவம்தான்” என்றார். யோசித்துப் பார்த்தால் அல்ல. பிறவிப் பாவம் எங்களோடு பிறந்தாலும் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆதாமுக்கு முன் அது இல்லை. கடவுள் செய்த மனிதன் நல்லவன், குற்றம் பிறகு வந்தது. எங்கள் கணக்கில் அதுவும் வந்த மலம்தான். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. எல்லாவற்றையும் ஒருவரே ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்றால், கூடவே இருந்த குற்றம் படைத்தவரின் கணக்கில் போய் விழும். சித்தாந்தம் அந்தப் பழியிலிருந்து சிவனைக் காப்பாற்றுகிறது. உயிரையும் அவன் படைக்கவில்லை, ஆணவத்தையும் படைக்கவில்லை, அவனோடு சேர்த்து மூன்றும் அநாதி. இதற்குக் கொடுக்கும் விலை, இறைவன் செய்யாத ஒன்று உலகில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது. அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகிறது.

பெடியனுக்குக் கட்டுப்படியாகவில்லை. மெமரிக் குச்சிக்கு ஆயுட்கால உத்தரவாதம் இருக்கிறதாம், பற்றுச்சீட்டைத் தேடித் தரச்சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“பழுது அநாதி எண்டு கடைக்காரன் சொன்னால் விட்டிடுவீங்களோ சித்தப்பா?”

“கடைக்காரன் ஒருத்தனிட்ட வாங்கி வித்தவன். செய்தவன் ஒருத்தன் இருக்கிறான். அதால மாத்தித்தான் தரவேணும். ஆணவத்தை ஒருத்தரும் செய்யேல்லை.”

“அப்ப ஆரும் செய்யாததை ஆர் மாத்தித் தருவினம்?”

“மாத்தித் தராயினம்” என்றேன். “வேகத்தைக் குறைச்சுத்தான் தருவினம்.”

அவன் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனான்.