ஓடிப்போனவனின் கடன்

திருவாரூர் மனுநீதிச் சோழனின் கதையை அறியாத தமிழர் இலர். இளவரசன் ஊர்ந்த தேரின் காலில் சிக்கிக் கன்று ஒன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. இதைக் கேட்கும்தோறும் மன்னனின் நீதியை நாம் வியக்கிறோம். அந்நீதி நடைபெறுவதற்கு இடம் கொடுத்த ஒன்றை மட்டும் கவனிப்பதில்லை: தேரை ஓட்டியவன் யாரென்று தெரிந்திருந்தது. தெரியாது போயிருந்தால்? பசு மணியை அடித்திருக்கும். மன்னனும் இறங்கி வந்திருப்பான். பிறகு யாரை அழைப்பது?

இக்கேள்வி ஒருநாள் எம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. முன்பு எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், சுபுஹுத் தொழுகை முடித்துச் சைக்கிளில் கடைக்குச் செல்லும் வழியில், பின்னால் வந்த லாரியால் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. லாரி நிற்கவில்லை. இருட்டில் எண்ணைப் பார்த்தவர் எவருமில்லை. போலீஸார் வழக்குப் பதிந்தனர், தேடினர், வாகனம் அகப்படவில்லை என்றனர். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் மட்டும் வீட்டு வாசலைத் தவறாமல் கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தது.

அவருக்கு இரண்டு யோசனைகள் வந்தன. பெரிய வாப்பா சொன்னார்: “எல்லாம் நாட்டப்படி நடந்தது. காலுக்கு விலை பேசிக் காசு வாங்குவதா?” மச்சான் சொன்னார்: “தெரிந்தவர் ஒருவரின் வேனுக்குக் காப்பீடு இருக்கிறது. அதுதான் இடித்தது என்று எழுதிக் கொடுங்கள். கோர்ட்டில் லட்சக்கணக்கில் கிடைக்கும். பாதிக்கப்படப் போவது கம்பெனிதானே?” ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “ஹஜ்ரத், இதில் எது சரி?” என்று அவர் கேட்டார்.

பெரிய வாப்பாவின் சொல்லில் பொறுமை இருக்கிறது. ஆனால் தெளிவு இல்லை. நடந்தது விதி என்று ஏற்பது இறைவனோடு நமக்குள்ள உறவு. இழைத்தவன் ஈடு செய்யவேண்டும் என்பது மனிதனுக்கு மனிதன் உள்ள உறவு. முன்னதைச் சொல்லிப் பின்னதை அழித்துவிட முடியாது. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் தியத் என்னும் ஈட்டுத் தொகையைக் குர்ஆன் விதித்திருக்கிறது. உயிருக்கு நேராத காயங்களுக்கு உரிய ஈட்டை ‘அர்ஷ்’ என்று பெயரிட்டு, ஃபிக்ஹு நூலோர் உறுப்பு உறுப்பாக எழுதி வைத்தனர். இவை உறுப்பின் விலையல்ல. விலை கொடுத்து எவரும் ஒரு காலை வாங்கிவிட முடியாது. உனக்கு நேர்ந்தது அநீதி, அதை நாங்கள் அறிவோம் என்று சமுதாயம் அளிக்கும் சாட்சியமே அத்தொகை. அதை மன்னித்து விட்டுவிடவும் உரிமை உண்டு. ஆனால் உரிமை உடையவனே அல்லவா விட்டுக்கொடுக்க முடியும்? வறுமையில் இருப்பவனிடம் உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் மௌனத்தைப் பெருந்தன்மை என்று புகழ்வது முறையன்று.

இனி மச்சானின் யோசனை. இதற்கு விடையாக ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) என்ற தோழர் கொல்லப்பட்டுக் கிடந்தார். கொன்றவர் எவரென்று தெரியவில்லை. உறவினர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். சத்தியம் செய்து நிலைநாட்டுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாத ஒன்றுக்கு எவ்வாறு சத்தியம் செய்வோம் என்று அவர்கள் தயங்கினர். எதிர்த் தரப்பாரின் சத்தியத்தை ஏற்கவும் அவர்கள் மனம் இசையவில்லை. அந்த உயிர் வீணாய்ப் போவதை விரும்பாத அண்ணலார், நூறு ஒட்டகங்களைத் தாமே ஈடாக வழங்கினார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இதில் இரண்டு பாடங்கள் பிணைந்திருக்கின்றன. காணாததைக் கண்டதாகச் சொல்லலாகாது. அவ்வாறு சொல்ல மறுத்தவர் வெறுங்கையோடு திரும்பவும் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இரண்டாம் பாடத்தை மெல்ல மெல்லக் கற்றுவருகிறது. இடித்துவிட்டு ஓடிய வாகனம் தெரியாதபோது, இறப்புக்கு 5,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 1,000 ரூபாயும் வழங்க 1982-இல் வழிசெய்யப்பட்டது. 1994-இல் அவை 25,000 என்றும் 12,500 என்றும் உயர்ந்தன. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. விண்ணப்பத்தை வருவாய்த் துறை அலுவலர் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்புகிறார், ஆட்சியர் ஆணையிடுகிறார். எலும்பு முறிவு கொடுங்காயத்துள் அடங்கும். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஆகவே, ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டறியப்படாவிடில் போலீஸாரே பாதிக்கப்பட்டவருக்கு இதனை எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் கட்டளையிட்டது.

இந்நிதிக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பங்கு செலுத்துகின்றன. அவற்றுக்குப் பணம் வருவதோ வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கட்டும் தவணையிலிருந்து. தவறுதலாகக் கொலை செய்தவனின் சுமையை அவன் குலத்தார் பகிர்ந்துகொண்ட ‘ஆகிலா’ முறையை இது நினைவூட்டுகிறது. ஆதலால் பொய்யாக ஒரு வேனைக் காட்டுபவன் கம்பெனியை மட்டும் ஏமாற்றவில்லை. ஊராரின் பொதுப் பையில் கையை விடுகிறான். செய்யாத குற்றத்தை ஒரு மனிதன்மேல் எழுதுகிறான். உண்மையில் இடித்தவனைத் தேடும் வழியையும் அடைத்துவிடுகிறான்.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘எண் தெரியாது’ என்று உண்மையை எழுதினால் 50,000; பொய்யை எழுதினால் லட்சங்கள். இந்த இடைவெளியில் ஏழையை நிறுத்திவிட்டு, நேர்மையாய் இரு என்று உபதேசிப்பது நமக்கு எளிது. உண்மைக்கு ஆகும் செலவை அவன் ஒருவனே சுமக்கவேண்டுமா? மஹல்லா பைத்துல்மால்கள் எதற்காக இருக்கின்றன? ஈடு தரவேண்டியவன் தெரியாதபோது பொறுப்பு பைத்துல்மாலைச் சாரும் என்று எழுதிய அறிஞர்கள், வெறும் ஏட்டுக்காக அதை எழுதவில்லை.

ஓடிப்போனவனைப் பற்றியும் ஒரு சொல். அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பதும் போலீஸுக்கு அறிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமைகள். நிதி பணம் கொடுத்துவிட்டதால் அவன் கடன் தீர்ந்துவிடாது. பின்னாளில் அவன் அகப்பட்டு முழு இழப்பீடு தீர்ப்பாகுமானால், நிதியிலிருந்து பெற்ற தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். அதாவது நாம் அவன் கடனை அடைக்கவில்லை. அவன் வரும்வரை தாங்கி நிற்கிறோம். அவன் உலகில் வராமற்போனாலும், அடியாருக்கு அடியார் பட்ட கடன் கேட்கப்படும் ஒரு நாள் உண்டு. அங்கே எண் தெரியாத வாகனம் எதுவும் இல்லை.

மாணவர் ‘எண் தெரியாது’ என்றே எழுதிக் கொடுத்தார். தொகை வந்தது, கடனில் பாதிதான் அடைந்தது. மீதிக்கு ஜமாஅத்தாரிடம் நாம் பேசினோம். சிலர் உடனே இசைந்தனர். சிலரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஜும்ஆ நாளில், சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து வந்த அவர், “அந்த லாரிக்காரருக்கும் துஆச் செய்கிறேன் ஹஜ்ரத். அவர் ஒருநாள் திரும்பி வரவேண்டும் என்று” எனச் சொன்னார். அந்த துஆவுக்கு நாமும் ஆமீன் சொன்னோம்.