பனை வைத்தவன் கணக்கு

பலனில் பற்று வையாது கடமையைச் செய்க என்னும் கீதையின் உபதேசத்தை எத்தனையோ தலைமுறைகளாக நாம் கேட்டு வருகிறோம். ஆனால் அந்த உபதேசம் அருச்சுனன் என்ற ஒரு தனிமனிதனை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும், தன் செயலின் பலனைத் துறக்கும் உரிமை அச்செயலைச் செய்கிறவனுக்கு உண்டென்றால், பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு செலவிடுகிறவனுக்கும் அவ்வுரிமை உண்டா என்பதையும் நாம் நின்று யோசிப்பது அரிது. கோயில் தர்மகர்த்தா தம் வீட்டு நெல்லை வாரி வழங்கினால் அது கொடை. கோயில் நெல்லை வாரி வழங்கினால் அதற்குப் பெயர் வேறு. இந்தச் சந்தேகத்தை ஏட்டளவில் விட்டுவிடாமல் பிரத்தியட்சமான ஒரு விஷயத்தில் வைத்துச் சோதிக்க வேண்டுமானால், எரிசக்தியின் பெயரால் செடிகளையும் நுண்ணுயிர்களையும் பற்றிய அடிப்படை ஆராய்ச்சிக்கு அமெரிக்க சர்க்கார் செலவிட்டு வந்திருக்கும் பணத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

பூர்வபட்சத்தை முதலில் அதற்குரிய மரியாதையோடு கேட்போம். விஸ்கான்சின் மாகாணத்துச் செனட்டரான வில்லியம் பிராக்ஸ்மையர், 1975 முதல் 1988 வரை மாதந்தோறும் 'பொற்கம்பளி' என்றொரு விருதை அறிவித்து வந்தார்; ஆட்டின் கம்பளியைக் கத்தரிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆளை ஏமாற்றிப் பறிப்பது என்ற பொருளும் உண்டாகையால், மக்களின் வரிப்பணத்தை வீணாக்கியதாக அவர் கருதிய இலாகாக்களுக்கே அந்தக் கௌரவம் போய்ச் சேர்ந்தது; விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் கொடுத்த மானியங்கள் பல அதற்கு இலக்காயின. அவரை ஞானத்தின் விரோதி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவருடைய பரிகாசத்தின் அடியில் ஒரு தர்மக் கேள்வி இருந்தது: வேர்வை சிந்திச் சம்பாதித்தவனிடம் சட்டத்தின் வலிமையால் வாங்கிய காசைக் கொண்டு, இன்ன பயன் என்று சொல்ல இயலாத ஒரு காரியத்தைச் செய்வதற்கு அவன் சம்மதம் எங்கே?

இனி, நடந்ததைப் பார்ப்போம். 1940 பிப்ரவரிக் கடைசியில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், மார்ட்டின் கேமன், சாம் ரூபன் என்னும் இரு இளைஞர்கள் சைக்ளோட்ரான் யந்திரத்தின் துணையால் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியைக் கண்டறிந்தார்கள். இலை உட்கொள்ளும் கரியமிலவாயு சர்க்கரையாக மாறும் வழியில் என்னென்ன உருவம் எடுக்கிறது என்று பின்தொடர்ந்து காண்பதே அவர்கள் ஆவல்; பாதியாகத் தேயவே சுமார் 5,730 ஆண்டுகள் பிடிக்கும் இந்தக் கரியோ, போகுமிடமெல்லாம் தன் சுவட்டைக் காட்டிக்கொண்டே போவது. ஆவல் நிறைவேறுமுன் யுத்தம் குறுக்கிட்டது. யுத்த காரியமான ஆராய்ச்சியில் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவைச் சுவாசிக்க நேர்ந்து, ரூபன் 1943இல் முப்பது வயது நிரம்பாமலே மாண்டார். கேமன் ஆதாரமற்ற சந்தேகத்தின்பேரில் 1944இல் வேலையை இழந்தார். யுத்தம் முடிந்தபின் அந்தக் கரியைக் கையிலெடுத்த மெல்வின் கால்வினும், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் முதலிய அவருடைய சகாக்களும், தட்டையான கண்ணாடிக் குடுவையில் பாசியை வெளிச்சத்தில் வைத்துக் கதிரியக்கக் கரியமிலவாயுவை ஊட்டி, சில விநாடிகளில் அதைச் சூடான மெதனாலில் கொட்டி, அதன் வேலையை நடுவழியில் நிறுத்தி, சாற்றைக் காகிதத்தில் பரவவிட்டு, எக்ஸ்ரே பிலிமில் விழுந்த கருந்திட்டுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு, ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் உழைத்து அந்த வழியை வரைந்து முடித்தார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க சர்க்காரின் அணுசக்திக் கமிஷன். 1961இல் நோபல் பரிசு பெற்றவர் கால்வின் ஒருவரே.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். ரூபன் பார்க்கவுமில்லை.

இன்னொரு கதை இதைவிட விநோதமானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சேனையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் ஈரத்தில் மக்கி இற்றுப்போயின. சாலமன் தீவுகளில் மக்கிய துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சணத்துக்கு கியூ.எம். 6ஏ என்று எண்ணிட்டுப் பாதுகாத்து வைத்தார்கள். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் முதலியோர் அது பஞ்சின் செல்லுலோஸை எவ்விதம் அறுத்துத் தின்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். துணியைக் காப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. 1970களில் பெட்ரோல் விலை ஏறியபோது அதே அறிவு தலைகீழாகத் திரும்பி, வைக்கோலையும் மரத்தூளையும் சர்க்கரையாக்கி, அதிலிருந்து எரிசாராயம் வடிக்கும் முயற்சிக்கு ஆதாரமாயிற்று. காக்க வந்தவர்கள் கண்டது, கரைக்கும் வித்தையாக முடிந்தது. 1977இல் அந்தப் பூஞ்சணத்துக்கு ரீஸின் பெயரையே இட்டு, டிரைக்கோடெர்மா ரீஸி என்று அழைக்கலானார்கள். செல்லுலோஸைக் கரைக்கும் நொதிகளைத் தொழிற்சாலைகள் இன்றும் அதன் வமிசத்திலிருந்தே பெருமளவில் வடித்தெடுக்கின்றன.

இதற்கு மறுதலையாக, பலனையே குறிவைத்துத் தொடங்கிய வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே கால்வின், எண்ணெய் நெருக்கடிக்குப் பின், செடியின் பாலிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் கள்ளி இனச் செடிகளைக் கலிபோர்னியாவில் பயிரிட்டுப் பார்த்தார். அவற்றுள் ஒன்று நம் பக்கத்தில் வேலியோரம் நிற்கும் திருகுகள்ளி; அதன் லத்தீன் பெயரின் பிற்பாதியே மலையாளக் கரையில் வழங்கிய பெயர்தான். எண்ணெய் வந்தது, ஆனால் பூமியிலிருந்து இறைக்கும் எண்ணெயோடு விலையில் போட்டியிட அதனால் முடியவில்லை. பலனைத் தேடாத பாசியின் வழி பாடப்புத்தகங்களில் நிலைத்தது. பலனைத் தேடிய கள்ளி வயலோடு நின்றது.

இங்கே ஒரு வஞ்சனைக்கு நான் ஆளாகாதிருக்க வேண்டும். முளைத்த விதைகளைப் பொறுக்கிக் காட்டி, விதைத்ததெல்லாம் புண்ணியம் என்று வாதிப்பது தர்க்கமாகாது. முளைக்காத விதைகளின் கதையை எழுத ஆளில்லை என்பதனாலேயே அவை இல்லாமற் போய்விடவில்லை. "என்றைக்காவது எதற்காவது உதவும்" என்பது லாட்டரிச் சீட்டு வாங்குகிறவனும் சொல்லக்கூடிய சமாதானம். ஆகவே, எதிர்பாராத பலன் வந்தது என்பதைக் கொண்டே இச்செலவை நியாயப்படுத்துவோமானால், பலனைத் துறந்தவர்களாக வேஷமிட்டுக்கொண்டு அதே பலனைக் கொல்லைப்புற வழியாக அழைத்து வருகிறவர்கள் ஆவோம்.

என் சித்தாந்தம் வேறு. பலனைத் துறத்தல் ஒன்று. இன்ன பலன், இன்ன காலத்தில், இன்னாருக்கு என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் அகங்காரத்தைத் துறத்தல் மற்றொன்று. முதலாவது தனிமனிதனுடைய தவம். பொதுப்பணத்தை நிர்வகிக்கிறவனுக்கு அது உரியதன்று, ஏனெனில் பலன் அவனுடையதே அன்று. இரண்டாவதோ அவனுக்கு இயல்வது மட்டுமன்று, கடமையுமாகும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் பொய்யன்றோ? அன்றியும், பலனைத் திட்டமாக அறிந்திருப்பதே ஒரு செலவைத் தர்மமாக்கிவிடாது. பாசி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அணுசக்திக் கமிஷன் அதே பெட்டியிலிருந்து அணுகுண்டுகளுக்கும் பணம் கொடுத்தது. அந்தக் குண்டுகளின் பலனில் யாருக்கும் எவ்விதச் சந்தேகமும் இருந்ததில்லை.

அப்படியானால் வரி கொடுத்தவனுக்கு யார் எதைக் கணக்குக் காட்டுவது? பலனைக் காட்ட இயலாதவர்கள் வேலையைக் காட்டலாம்: கேள்வி உண்மையானதா, சோதனை நேர்மையாக நடந்ததா, கண்டதும் காணாததும் ஒளிக்காமல் எல்லோர் முன்பும் வைக்கப்பட்டனவா? பிராக்ஸ்மையர் இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் அவர் கேள்விக்கு நான் துணை நின்றிருப்பேன்.

அமெரிக்க எரிசக்தி இலாகா 2007இல் செடியின் செல்சுவரைப் பிளந்து எரிபொருள் காணும் பொருட்டு மூன்று ஆராய்ச்சி மையங்களை ஏற்படுத்தி, மையம் ஒன்றுக்கு ஐந்தாண்டுகளில் 12½ கோடி டாலர் என்று ஒதுக்கியது. தவணை முடிந்தபின் அதைப் புதுப்பிக்கவும் செய்தது. ஐந்தாண்டு என்பது தென்னையின் கணக்கு. அந்தக் கூடங்களில் நடக்கும் வேலையில் பாதியேனும் பனை. கொடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை வரி கொடுப்பவனிடம் ஒளிக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுவதுதான் நியாயம். சொன்னால் அவன் சம்மதிக்க மாட்டான் என்று அஞ்சுவது அவனை அவமதிப்பதாகும்.