பிறர் வண்டிக்கு வேண்டும். என் வண்டிக்கு வேண்டாமா?

 

மது அருந்தியவன் வண்டியை ஓட்ட முடியாதபடி வண்டிக்குள்ளேயே ஒரு கருவியைப் பொருத்தலாமா என்பது பற்றி அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விவாதம் நடந்து வருகிறது. குடிக்காத நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக் கூடும். அப்படி எண்ணுவோர் 2019 ஜனவரியில் அந்நாட்டில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த, லெபனான் வழிவந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று விடுமுறை முடிந்து காரில் வீடு திரும்பிக் கொண்டிருந்தது. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகே, சட்டம் வகுத்த அளவைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலாக மது உடலில் ஏறியிருந்த ஒருவன் எதிர்த்திசையில் வண்டியை ஓட்டி வந்து மோதினான். குடும்பத்தில் ஐந்து பேரும் மாண்டனர். மோதியவனும் மாண்டான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த அப்பாஸ் குடும்பத்தின் பெயரைத் தாங்கியே அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. அதன் கருத்தை உள்ளடக்கி, 2021 நவம்பரில் கையெழுத்தான சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. புதிய கார்களில் போதையில் ஓட்டுவதைத் தடுக்கும் சாதனம் இருக்க வேண்டும், அதற்கான விதியைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை வகுக்க வேண்டும் என்பதே அது. 2024 நவம்பர் வரை தவணை தரப்பட்டிருந்தது. அந்தத் தவணைக்குள் விதி வரவில்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் குடிபோதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தவர்கள் 13,000 பேருக்கு மேல். குடித்தவன் மட்டுமா அதில் இறந்தான்? குடிக்காதவனும், அவன் பிள்ளையும் அல்லவா சேர்ந்து இறந்தார்கள்!

இக்கருவி எப்படி வேலை செய்கிறது? இப்போது நடைமுறையில் இருப்பது ஊதும் கருவி. ஓட்டுநர் அதில் ஊத வேண்டும். மூச்சில் குறித்த அளவுக்கு மேல் மது இருந்தால் என்ஜின் கிளம்பாது. வேறொருவரை ஊதச் செய்து ஏமாற்றாதிருக்க, ஓட்டத்தின் இடையிலும் மறுபடி ஊதச் சொல்லும். கலிபோர்னியா மாநிலம் 1986-ல் சட்டம் இயற்றி, குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களின் வண்டியில் இதைப் பொருத்த வழி செய்தது. பிரான்சு நாட்டில் நெடுந்தூரப் பயணிகள் பேருந்துகளில் 2015 முதல் இது கட்டாயம். இப்போது ஆராயப்படுவதோ, ஊதாமலேயே ஓட்டுநரின் இயல்பான மூச்சிலிருந்தும், விரல் நுனியில் படும் ஒளியிலிருந்தும் மதுவின் அளவை அறியும் சாதனம்.

இனி மக்களின் மனநிலையைப் பாருங்கள். அமெரிக்க ஓட்டுநர்களிடையே 2009-ல் கருத்துக் கேட்டார்கள். நம்பகமான சாதனம் எல்லா வண்டிகளிலும் இருப்பது நல்லது என்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் வண்டியில் வேண்டுமா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு! பிறர் வண்டிக்கு வேண்டும்; என் வண்டிக்கு வேண்டாம். சகோதரர்களே, இது அமெரிக்கர்களின் நோய் மட்டுமல்ல, ஆதமுடைய மக்களின் நோய். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் நிறைவு பெறாது என்று பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பிறனுக்கு நல்லது என்று நீ கருதும் கட்டுப்பாட்டை உனக்கும் நல்லது என்று ஏற்பதும் அந்தப் போதனையில் அடங்கும் அல்லவா?

"என் வண்டி, என் உரிமை" என்கிறார்கள். இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையே தக்க பதில். சீட்டுக் குலுக்கி ஒரு கூட்டத்தார் கப்பலின் மேல்தளத்திலும் மற்றொரு கூட்டத்தார் கீழ்த்தளத்திலும் அமர்ந்தனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொல்லை, நம் பங்கில் ஒரு துளை போட்டுக் கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். நெடுஞ்சாலையும் ஒரு கப்பலே. வண்டி உன்னுடையது, சாலை எல்லோருடையது.

1974-ம் ஆண்டு வந்த கார்களில், இருக்கைப் பட்டை அணிந்தால்தான் வண்டி கிளம்பும் என்ற ஏற்பாட்டை அமெரிக்க அரசு கொண்டு வந்தது. மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரிலேயே காங்கிரஸ் அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கியது. அதே நாட்டில் இன்று பெரும்பாலோர் தாமாகவே பட்டை அணிகிறார்கள். இன்று வெறுக்கும் ஒன்று நாளை வழக்கமாகி உயிரைக் காக்கக் கூடும்.

ஆனாலும், எதிர்ப்போர் சொல்வதையெல்லாம் தள்ளிவிடுவது நீதியாகாது. அவர்களின் இரண்டு அச்சங்கள் ஷரீஅத்தின் தராசிலும் எடையுள்ளவை.

முதலாவது, வேவு பார்த்தல். பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் 49-வது அத்தியாயம் 12-வது வசனம் தடுக்கிறது. கருவி அறிந்ததைக் காவல்துறைக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அனுப்புமானால் அது தவறான வழிக்குத் திறந்த கதவு. ஆனால் வாசலில் நின்று தடுக்கும் காவலாளி வேறு, வீட்டுச் செய்தியைத் தெருவில் பரப்புகிறவன் வேறு. தடுப்பதோடு நின்று, எவரிடமும் சொல்லாதிருக்கும் கருவியில் அந்தக் குற்றம் இல்லை.

இரண்டாவது, பிழை. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆயிரத்தில் ஒரு முறை கருவி தவறினாலும், ஒரு கோடிப் பயணங்களில் பத்தாயிரம் பேர் காரணமின்றி நிறுத்தப்படுவார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவன் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். ஆகவே கருவி செம்மையாகும் வரை பொறுத்திருக்கச் சொல்வது நியாயமே. செம்மையான பின்னும் வேண்டாம் என்பதுதான் நியாயமில்லை. நன்மையைத் தேடுவதைவிடத் தீமையைத் தடுப்பது முற்படும் என்றும் அதே ஃபிக்ஹு நமக்குச் சொல்கிறது.

மார்க்கம் மதுவை விலக்கிய முறையைச் சிந்தியுங்கள். முழுத்தடை வருமுன், போதையில் இருக்கும்போது, சொல்வது இன்னதென்று அறியும் வரை தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டளை வந்தது (4:43). அது ஒரு வேலி. நாளுக்கு ஐந்து வேளை தொழ வேண்டியவனுக்குக் குடிக்க ஏது நேரம்? பின்னர் முழுத்தடை இறங்கியது (5:90). குடிப்பவனோடு நில்லாமல், பிழிபவன், சுமப்பவன், விற்பவன் என ஒவ்வொரு வாசலையும் பெருமானார் (ஸல்) அவர்கள் அடைத்தார்கள். தீமைக்குச் செல்லும் வழியை முன்பே அடைப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால் கருவியின் எல்லையையும் அறிந்து கொள்ளுங்கள். தண்டனை பெற்றவர்களின் வண்டியில் அது இருக்கும்வரை மீண்டும் பிடிபடுவது வெகுவாகக் குறைகிறது. கழற்றிய பின் பலர் பழைய வழிக்கே திரும்புகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கருவி என்ஜினைப் பூட்டும், நஃப்ஸைப் பூட்டாது. மதீனாவில் மது ஹராம் என்ற அறிவிப்பு ஒலித்த வேளையில், அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது பரிமாறிக் கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். கொட்டிவிடு என்ற சொல் வந்தது. கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அங்கே எந்தக் கருவி இருந்தது? அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வே இருந்தது.

எனவே இரண்டும் வேண்டும். தக்வா இல்லாதவனிடமிருந்து பிறரைக் காக்க வெளியே ஒரு தடை. அந்தத் தடையே தேவைப்படாத மனிதனாக நம் பிள்ளையை வளர்க்க வீட்டிற்குள் ஒரு பயிற்சி. சாலையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளை என்ற மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். குடிக்காதவன் தன் வண்டியில் அக்கருவியை ஏற்பது தன்மீது சந்தேகத்தை ஏற்பதல்ல. முள்ளை அகற்றும் வேலையில் தன் பங்கைச் செய்வதாகும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்பது திருமறையின் போதனை (5:32).

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் போதையின் தீங்கிலிருந்தும், போதையுற்றோரின் தீங்கிலிருந்தும் காப்பானாக! நமக்கு விரும்புவதைப் பிறருக்கும், பிறருக்கு விதிப்பதை நமக்கும் ஏற்கும் உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.