பெயரின்றி, பதவியின்றி

ஆப்பிரிக்காவில் மறைப்பணி என்றதும் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீண்ட அங்கி அணிந்த குரு, அல்லது முக்காடிட்ட அருள்சகோதரி. அவர்களுக்குப் பின்னால் ஒரு துறவற சபை நிற்கிறது. நோயுற்றால் பராமரிக்க ஓர் இல்லம், முதுமையில் தங்க ஓர் அறை, இறந்தபின் துயில ஒரு கல்லறைத் தோட்டம் என்னும் உறுதிகள் அவர்களுக்கு உண்டு. இவற்றுள் எதுவுமின்றி, குருத்துவ அருள்பொழிவோ துறவற வார்த்தைப்பாடோ இன்றி, திருமுழுக்கு ஒன்றையே அழைப்பாகக் கொண்டு கடல் கடந்து சென்றவர்களும் இருக்கிறார்கள். திருச்சபை அவர்களைப் பொதுநிலையினர் என்று குறிப்பிடுகிறது.

அவர்களுடைய வரலாறு தொன்மையானது. பவுலடியாருக்குத் துணை நின்ற பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதியர் அல்லவா? இடைக்காலத்தில் இந்நினைவு மங்கியது. 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டு, அப்பணி குருக்கள் மனமுவந்து அளிக்கும் சலுகை அன்று, திருமுழுக்கிலிருந்தே பிறக்கும் உரிமையும் கடமையும் ஆகும் எனத் தெளிவுபடுத்தியது. ஏட்டில் எழுதுவது எளிது. அதை வாழ்ந்து காட்டுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அறிய, ஒரே ஒருவரின் வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம்.

அன்னலேனா தொனெல்லி 1943-ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபொர்லி நகரில் பிறந்தவர். சட்டம் பயின்றவர். படிக்கும் காலத்திலேயே தம் ஊரின் ஏழ்மை மிகுந்த குடியிருப்புகளில் ஆறு ஆண்டுகள் தொண்டு செய்தார். 1963-இல் அவ்வூர் இளைஞர்கள் உலகப் பசிக்கு எதிராக ஒரு குழுவைத் தொடங்கியபோது முன்நின்றவர்களுள் அவரும் ஒருவர். நற்செய்தியோடு காந்தியடிகளின் வாழ்வும், சகாராப் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த சார்ல்ஸ் தெ ஃபூக்கோவின் வாழ்வும் அவரை ஆட்கொண்டிருந்தன. 1969-ஆம் ஆண்டு ஜனவரியில், இருபத்தைந்து வயதில், ஆசிரியையாகக் கென்யா சென்றார். விரைவில் அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள வாஜிர் என்னும் பாலைவன ஊர் அவருடைய இருப்பிடமாயிற்று.

வாஜிர் வட்டாரத்து மக்கள் சோமாலியர், ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் மழையைத் தேடி அலையும் மேய்ச்சல் குடிகள், இஸ்லாமியர். கென்யா 1963-இல் விடுதலை பெற்றதும் அப்பகுதியில் பிரிவினைக் கிளர்ச்சி மூண்டு, பல ஆண்டுகள் அவசரநிலை நீடித்தது. ஆட்சியாளர்களுக்கு அம்மக்கள்மேல் ஐயம். அம்மக்களுக்கு வெளியார் அனைவர்மேலும் ஐயம். அங்கே வந்து சேர்ந்த இந்தப் பெண்ணிடம் அவர்கள் மதிப்பதற்கு ஒன்றும் இல்லை. வயதில் இளையவர், ஆகவே அவர் சொல் எடுபடாது. வெள்ளையர், ஆகவே அந்நியர். கிறிஸ்தவர், ஆகவே அஞ்சி விலக்கத்தக்கவர். மணமாகாதவர்; இதுதான் அவர்களுக்கு விளங்காத புதிர். திருமணத்தைத் துறந்து வாழ்தல் என்ற எண்ணமே இல்லாத சமுதாயத்தில், கணவனும் குழந்தையும் இல்லாத பெண்ணை எந்த இடத்தில் வைப்பது? துறவற உடை அணிந்திருந்தாலாவது ஏதோ ஒரு விளக்கம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் எந்தப் பதவியும் வகித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. கோவில் பணியாளர் இருவர் கடந்து போனபின், யாரும் மதிக்காத இனத்தைச் சேர்ந்த ஒருவனே நின்றான். காயத்தைக் கட்டியதோடு அவன் பணி முடிந்துவிடவில்லை. சத்திரத்திற்குக் கொண்டுபோய், இரவு முழுதும் கவனித்து, செலவுக்குக் காசு கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றான். அந்த உவமையைக் கேட்போர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்த காட்சியை நினைவில் வைக்கிறார்கள். திரும்பி வருவேன் என்ற சொல்லை மறந்துவிடுகிறார்கள். வாஜிரில் நிகழ்ந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சார்ந்தது.

அங்கே பரவியிருந்த கொடிய நோய் காசநோய். அதற்கு மருந்து இருந்தது. ஆனால் அக்காலச் சிகிச்சை ஓராண்டுக்கு மேல் நீளும். சில வாரங்களில் இருமல் தணியும், உடல் தேறும். அப்போது எங்கோ மழை பெய்ததாகச் செய்தி வரும். நோயாளி ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்த முறை இரத்தம் கக்கிக்கொண்டு வரும்போது, முன்பு கொடுத்த மருந்துக்கு அடங்காத கிருமியோடு வருவார். அதற்குள் குடும்பத்தில் சிலருக்கும் தொற்றியிருக்கும். இன்னொரு துயரமும் உண்டு. காசநோய் என்ற பெயரே அங்கு சாபமாகக் கருதப்பட்டது. நோயை மறைத்தார்கள், மறைக்க முடியாதபோது நோயாளி கைவிடப்பட்டார்.

காசநோயாளியைப் பல மாதங்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடத்த வேண்டியதில்லை, ஒழுங்காக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது, 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ஆனால் வீடே இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் மக்களுக்கு என்ன செய்வது?

1976-இல் உலக நல நிறுவனத்தின் ஆதரவோடு நாடோடி மக்களுக்கான முன்னோடிச் சிகிச்சைத் திட்டம் ஒன்று வாஜிரில் தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பு சட்டம் படித்த இந்தப் பெண்ணிடம் வந்தது. அவர் கண்ட வழி மிக எளியது. வீட்டை விட்டு வரச் சொல்லாமல், வீட்டையே கொண்டுவரச் சொன்னார். நோயாளிகள் தங்கள் பாய்களையும் கழிகளையும் கொண்டுவந்து, சிகிச்சை நிலையத்து வெளியில் தங்கள் வழக்கப்படியே குடிசை அமைத்துக்கொண்டார்கள். உறவினரும் உடன் தங்கலாம். புதிய மருந்துகளின் துணையால் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது. அந்த ஆறு மாதமும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவரும் மாத்திரையை விழுங்குவதைப் பணியாளர் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். மக்கள் அவ்விடத்தை ‘மன்யாட்டா’ என்றார்கள். மசாய் மொழியில் குடியிருப்பு என்று பொருள். இவ்வாறு கண்முன் மருந்து கொடுக்கும் குறுகிய காலச் சிகிச்சையை உலக நல நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது 1990-களில்தான்.

இதில் வீரச் செயல் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். தண்ணீர்க் குவளையையும் மாத்திரையையும் நீட்டி, விழுங்கும்வரை நிற்பது, அவ்வளவுதான். ஆனால் அதை நாளைக்கும் செய்ய வேண்டும், நாளை மறுநாளும் செய்ய வேண்டும். ஒருநாள் உணர்ச்சிப் பெருக்கில் உயிரைக் கொடுத்துவிட முடியும். ஆறு மாதம் தவறாமல் காலையில் எழுந்து ஒருவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு வகைத் தவம். அவர் பின்னர் வெப்பமண்டல மருத்துவம், தொழுநோய் முதலிய துறைகளில் முறையான சான்றிதழ்ப் படிப்புகளை முடித்தார். அன்பு அறியாமைக்கு ஈடாகாது என்பதை உணர்ந்தவர் அவர். தொண்டு செய்வோர் சிலர் மறந்துவிடும் செய்தி இது.

சில ஆண்டுகள் சென்றபின் பனி உருகியது. முதலில் ஒதுக்கிய ஒரு முதியவர், முஸ்லிம்களாகிய தங்களிடம் விசுவாசம் இருக்கிறது, வந்தவர்களிடமோ அன்பு இருக்கிறது என்று சொன்னாராம். அன்னலேனா அதை வெற்றியாகக் கருதாமல், பெற்றுக்கொண்ட கொடையாகவே நினைவுகூர்ந்தார்.

1984-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த அன்பு கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. வாஜிருக்கு அருகே வகால்லா என்னும் இடத்து விமான ஓடுதளத்தில், தெகோதியா குலத்து ஆண்களைக் கென்யப் படையினர் திரட்டி, கொளுத்தும் வெயிலில் நாள்கணக்கில் நீரின்றி அடைத்து வைத்தனர். சுடப்பட்டும் தாகத்தாலும் இறந்தவர் பலர். இறந்தோர் ஐம்பத்தேழு பேர் என்று அரசு நெடுங்காலம் சொல்லிவந்தது. உயிர் தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். கென்யாவின் உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையம் இக்கொடுமையைத் தன் அறிக்கையில் முறையாகப் பதிவு செய்தது 2013-இல். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத ஒருவர் அன்று வாஜிரில் இருந்தார். புதர்க்காட்டில் வீசப்பட்டவர்களுள் மூச்சுள்ளவர்களைத் தேடி எடுத்துவந்து காயங்களுக்கு மருந்திட்டார். இறந்தவர்களை அடக்கம் செய்ய முயன்றார். நடந்ததற்கான சான்றுகள் வெளியுலகை எட்டச் செய்தார். மாத்திரை கொடுக்கும் கை உண்மையையும் எடுத்துக் கொடுக்க வேண்டிய வேளை அது. மறுத்திருந்தால், ஒருவேளை, வாஜிரிலேயே வாழ்நாள் முழுதும் தங்கியிருக்கலாம்; எத்தனையோ நோயாளிகளைக் குணப்படுத்தியிருக்கலாம். அந்தக் கணக்கைப் போடுவோர் எக்காலத்திலும் உண்டு. அவர் போடவில்லை. 1985-இல் கென்யாவை விட்டு வெளியேற்றப்பட்டார்.

பின்னர் சோமாலியா. பெலெத்வைனில் காசநோய்ப் பணி; உள்நாட்டுப் போர் மூண்டபின் மொகதிஷுவிலும் மெர்காவிலும் பட்டினி கிடந்தோருக்கு உணவு. மெர்காவில் அவருக்குப்பின் காசநோய் நிலையப் பொறுப்பை ஏற்ற இத்தாலிய மருத்துவர் கிராசியெல்லா ஃபுமகால்லி, அவரும் பொதுநிலையினரே, 1995 அக்டோபரில் அந்நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தமக்கு நேர்ந்திருக்க வேண்டியது மற்றொருவருக்கு நேர்ந்தது என்ற எண்ணம் ஒருவரை ஊர் திரும்பச் செய்யப் போதுமானது. ஆனால் 1996-இல் அன்னலேனா சோமாலிலாந்தின் பொராமா நகரில் மீண்டும் ஒரு காசநோய் மருத்துவமனையில் தொண்டாற்றிக்கொண்டிருந்தார். காலப்போக்கில் அங்கே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி, பார்வை இழந்தோருக்குக் கண் அறுவைச் சிகிச்சை முகாம்கள், பெண்ணுறுப்புச் சிதைவு என்னும் கொடிய வழக்கத்தை ஒழிக்க அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்த முயற்சி எனப் பணி விரிந்தது. எதிர்ப்பும் விரிந்தது. எய்ட்ஸ் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டதால் மருத்துவமனைமேல் கல் விழுந்த நாள்கள் உண்டு.

பொராமாவில் வேறு கிறிஸ்தவர் இல்லை. ஆலயம் இல்லை, ஞாயிறு மணியோசை இல்லை. ஜிபுட்டியின் ஆயர் ஆண்டில் ஓரிரு முறை வந்து, அந்த ஒருவருக்காக ஒருவரோடு திருப்பலி நிறைவேற்றிச் செல்வார். ஞாயிறுதோறும் பூசை காணும் வசதியுள்ளோர் இதைக் கற்பனை செய்வதுகூடக் கடினம். 2001-இன் இறுதியில் தன்னார்வத் தொண்டு குறித்து வத்திக்கானில் நடந்த கருத்தரங்கில், எப்போதும் பேச மறுத்தவரான அவர் தம் வாழ்வைப் பற்றிப் பேசினார். சபையின் பாதுகாப்போ, நிறுவனமோ, ஊதியமோ, முதுமைக்கான சேமிப்போ தமக்கு இல்லை என்று அங்கே அவர் சொன்னதில் குறைபாட்டின் தொனி சிறிதும் இல்லை.

ஒரு கேள்வி எழாமலில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் ஒருவருக்கும் திருமுழுக்குக் கொடுக்கவில்லையே. இதை மறைப்பணி எனலாமா? கேள்வி நேர்மையானது, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய மடலில், சொல்லில்லாத சான்று வாழ்வே அறிவிப்பின் தொடக்கம் என்று விளக்கினார். ஆனால் சொல்லும் என்றேனும் தேவை என்பதையும் அவர் மறக்கவில்லை. அன்னலேனாவின் வழிகாட்டியான சார்ல்ஸ் தெ ஃபூக்கோ 1916-இல் கொல்லப்பட்டபோது, அவரைப் பின்பற்றிய சபை என்று ஒன்றும் உருவாகியிருக்கவில்லை. 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அதே நாளில், அதே திருப்பலியில் புனித நிலைக்கு உயர்த்தப்பட்டவர் நம் நாட்டின் தேவசகாயம். அவரும் குருவல்லர், துறவியல்லர், மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். அறுவடையை எண்ணுவது யார் வேலை என்பதில் ஆண்டவர் ஏற்கெனவே தெளிவாகப் பேசியிருக்கிறார். விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன்.

2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் தன் உயரிய நான்சன் விருதை அன்னலேனாவுக்கு வழங்கியது. விருதைப் பெற்றுக்கொண்டு பொராமாவுக்குத் திரும்பினார். அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. மாலையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மருத்துவமனை வளாகத்தில் இருந்தபோது துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். அப்போது வயது அறுபது. தாம் சேர்த்துவைத்த உடைமை என்று விட்டுச்செல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

வாஜிரில் அந்தச் சிகிச்சை வெளி அவர் வெளியேற்றப்பட்டதோடு மூடப்பட்டுவிடவில்லை. அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவாக, மன்யாட்டா என்ற பெயரிலேயே அது தொடர்ந்தது. அங்கே வருகிற மேய்ப்பருக்கும் அதே ஏற்பாடுதான்: காலையில் மாத்திரை, தண்ணீர், பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர்; மறுநாளும் அவ்வாறே.