சிவனடியாரின் கந்தையும் தோட்டத்துப் போர்வையும்



காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தவமாகக் கொண்டிருந்தார் திருக்குறிப்புத் தொண்டர். அறுபத்துமூவரில் ஒருவர். குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த உடம்போடு ஓர் அடியார் வந்தார். மேலே அழுக்கேறிய ஒரு கந்தை. தொண்டர் அதை வெளுக்கக் கேட்டார். அடியாரோ, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கிடைக்காவிட்டால் குளிர் தாங்காதே என்று தயங்கினார். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிப் போனார் தொண்டர். துவைத்துக் காயப்போட வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்தி வரை விடவில்லை. குளிரில் ஒருவர் நடுங்கப்போகிறாரே என்று துடித்த தொண்டர், துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொண்டார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துத் தடுத்தது. அது காஞ்சியில் கோயில்கொண்ட சிவபெருமான் ஏகாம்பரநாதரின் கை. கந்தையோடு வந்த அடியாரும் அவரே.

சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இறைவன் பட்டு உடுத்தி வரவில்லை, கந்தையோடு வருகிறார். அமர்நீதி நாயனாரிடம் அவர் ஒப்படைத்தது ஒரு கோவணம்தான். அது காணாமல் போனபோது, அவருடைய இன்னொரு கோவணத்துக்கு ஈடாக அமர்நீதியார் தம் செல்வத்தையெல்லாம் தராசில் வைத்தும் தட்டு சமமாகவில்லை. மனைவி, பிள்ளையோடு அவரே ஏறி நின்ற பிறகுதான் சமமானது. உழைத்துத் தேய்ந்த துணிக்கு நம் பெரியவர்கள் கொடுத்த இடம் அது. இன்று அத்தகைய துணியைக் குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிடுகிறோம்.

வடக்கே பூரியிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. சைதன்ய மகாபிரபு என்ற துறவி வாழைப்பட்டையின் மேல் படுத்து உடம்பு நொந்ததைப் பார்க்கச் சகிக்காமல், சீடர் ஜகதானந்தர் நல்ல துணி வாங்கி, காவி தோய்த்து, இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைத்துக் கொடுத்தார். துறவிக்கு இது ஆகாது என்று மகாபிரபு ஏற்க மறுத்துவிட்டார். பிறகு இன்னொரு சீடர் சொரூப தாமோதரர் காய்ந்த வாழை இலைகளைக் கொண்டுவந்து, நகத்தால் நார்நாராகக் கிழித்து, மகாபிரபுவின் பழைய மேல்துணிகளுக்குள் அடைத்துக் கொடுத்தார். பலமுறை வற்புறுத்திய பிறகு அதை ஏற்றுக்கொண்டார். இரண்டு மெத்தைக்கும் பின்னால் இருந்தது ஒரே அன்புதான். ஆனால் அவர் உடுத்திய துணியும், காய்ந்து விழுந்த இலையும், ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கிழித்த கையுமே அவர் மனத்தைத் தொட்டன.

பழந்துணியைப் போற்றும் கதை பௌத்தத்திலும் உண்டு. புத்தரின் சீடர் ஆனந்தரிடம் உதயண மன்னன் கேட்டான்: அரண்மனைப் பெண்கள் தந்த ஐந்நூறு ஆடைகளை என்ன செய்வீர்? கிழிந்த ஆடை உடுத்தியவர்களுக்குப் பங்கிடுவோம் என்றார். அந்தப் பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். அதுவும் பழசானால் மெத்தை உறை, பிறகு தரைவிரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசி தட்டும் துணி. கடைசியில் நைந்ததைக் கொத்தி, மண்ணோடு குழைத்துத் தரைக்குப் பூசுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு கொடுத்தான் என்று வினயபிடகம் சொல்கிறது.

இது நம் ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. ரப்பர்ப் பால் பட்ட கறை துணியை விட்டுப் போகாது. அதனால் பால்வெட்டப் போகும்போது உடுத்துவது வீட்டிலேயே பழைய துணி. அம்மாவின் புடவை பிள்ளைக்குத் தொட்டிலாகும், பிறகு விரிப்பாகும், பிறகு கைப்பிடித் துணியாகும். நம் ரெம்பாவுக்குப் பக்கத்தில், சிரம்பானை அடுத்த தோட்ட மருத்துவமனையில்தான் பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி பணியாற்றினார். 1913இல் மலாயா வந்தவர், 1923இல் ஊர் திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தரானார். தியானத்துக்கும் முன்னால், முதல் படியாக அவர் வைத்தது தொண்டு. அந்தப் படியில் ஏற ஊசியும் நூலும் இருந்தாலே போதும்.

பழந்துணியில் போர்வை எப்படித் தைப்பது? பழைய பருத்திப் புடவை, வேட்டி, சட்டை இவற்றை நன்றாகத் துவைத்துக் காயவையுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை வெட்டி விலக்குங்கள். பருத்தியோடு நைலான் சேர்க்க வேண்டாம், பருத்தி சுருங்கும்போது நைலான் சுருங்காமல் போர்வை கோணிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்துக்குப் பஞ்சு வேண்டியதில்லை. இரண்டு மூன்று புடவைத் துணியைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, மூலைகளில் கனம் வைத்து, துணி நகராதபடி முதலில் நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போடுங்கள். கிழிசல் உள்ள இடத்தில் வண்ணத் துண்டு வைத்து ஒட்டுப்போடுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஊசி மேலும் கீழுமாக நேரே ஓடும் சின்னத் தையல், வரிவரியாக. நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் அடுக்கு விலகும். அந்த அளவு கைக்குப் பிடிபட நாளாகும். முதல் வரி கோணலாகப் போனால் பிரிக்காதீர்கள், பத்தாவது வரி தானே நேராகும்.

வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற பழந்துணிப் போர்வை தைக்க, பழைய புடவையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்தார்கள். வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் ‘பூ’ என்று மடிப்புத் துண்டு வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டார்கள். எந்த வழியும் நல்ல வழிதான்.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊர், பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியார் வாழும் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற தாய், கணவர் இறந்ததும் அவருடைய வேலைத் துணிகளையே வெட்டி 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்வதற்காக. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தோட்டத்து உழைப்பில் வெளுத்த துணிக்கு உலகம் கொடுத்த மரியாதை அது. பால்மரக் காட்டில் வெயிலும் கொசுவும் தாங்கிய நம் தாத்தா பாட்டியின் சட்டைக்கும் அந்த மரியாதை உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டத்து லய வீட்டை விட்டுப் பட்டணத்து வீட்டுக்குப் போனவர்கள் பலர். மூட்டையில் கட்டிய அந்தத் துணிகள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

தாய்மார்களே, அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஊசி பிடிக்கத் தெரிந்த பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். ஆண்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், ஆண்கள் துணி தொடக்கூடாது என்று திருக்குறிப்புத் தொண்டர் நினைக்கவில்லை. முதலில் முடியும் போர்வையை உங்கள் வட்டாரத்தில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.