பொறுப்பு நீங்கினால் மதிப்பும் நீங்குமா?

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளிவடையும் வரை, இம்மூவரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டுள்ளது என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து. பயான்களில் நாம் பலமுறை கேட்டதுதான். ஆனால், "பேனாவே உயர்ந்துவிட்டது, இனி அவனிடம் என்ன பேச்சு?" என்று மனநோயாளியை ஒதுக்கவும் சிலர் இதையே ஆதாரமாக்குகின்றனர். இது முறைதானா?

"தெளிவடையும் வரை" என்பதைக் கவனியுங்கள். ஃபிக்ஹு அறிஞர்கள் பைத்தியத்தை நீடித்து நிற்பது, விட்டுவிட்டு வருவது என இரு வகையாகப் பிரித்தனர். தெளிந்த வேளையில் அவர் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லும், தொழுகையும் கடமையாகும். ஆக, நோயின் பெயரையல்ல, அந்நேரத்து நிலையையே ஷரீஅத் பார்க்கின்றது.

மனச்சிதைவு நோயைப் பற்றி மருத்துவம் கூறுவதும் இதற்கு அண்மையிலேயே நிற்கின்றது. இல்லாத குரல் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்களும் மருந்தால் பலருக்கு அடங்குகின்றன. ஆயினும் கவனம், ஞாபகம், வேலையை வரிசைப்படுத்தும் திறன், பிறர் முகக்குறிப்பை அறியும் திறன் ஆகியவற்றில் குறை எஞ்சலாம். ஸலாமுக்குப் பதில் தாமதமாக வந்தால் அது திமிரல்ல. நான்கு வேலைகளை ஒருசேரச் சொன்னதும் திகைத்து நின்றால் அது சோம்பலல்ல. ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதிக் கொடுத்துப் பழக்கினால் பலர் உழைத்துச் சம்பாதிக்கின்றனர். பயிற்சி முடியட்டும் என்று காத்திருப்பதைவிட, வேலையில் அமர்த்தி உடனிருந்து உதவுவதே கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

"கடையில் நஷ்டம் வந்தால்?" என்பீர்கள். விவேகம் குன்றியோர் கையில் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் அன்னிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனமே, அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து நல்ல சொல்லே பேசுமாறும் ஏவுகின்றது. கல்லாப்பெட்டியைக் கொடுக்காதிருக்கலாம்; சரக்கை அடுக்கும் வேலையையும் மறுக்க அதில் ஆதாரமில்லை. நோய் கடுமையாகி உழைக்கவே இயலாதவரைப் பராமரிப்பதோ குடும்பத்தின், ஜமாஅத்தின் பொறுப்பு.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் 28 மனநோயாளிகள் தீக்கு இரையாயினர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. ஆனால், குணமாகித் திரும்பியவரைப் "பைத்தியம்" என்றே அழைத்து முடக்கிப் போடும் நாவை எந்தச் சட்டம் தடுக்கும்?

சகோதரர்களே! பேனா உயர்த்தப்பட்டது அவருடைய ஏட்டிலிருந்துதான். அவரை நாம் நடத்தும் விதம் நம் ஏட்டில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அதை அஞ்சி நடக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.