எழும்பிய கூட்டம்

கோடியக்கரையில் நான் எடுத்த படங்களில் நண்பர்கள் அதிகம் பாராட்டியது, கொசு உள்ளான் கூட்டம் மொத்தமாக எழும்பித் திரும்பும் படம். ஏன் எழும்பின என்று யாரும் கேட்கலை. நான்தான் இன்னும் நாலடி நெருங்கிப் போனேன்.

இருபது, முப்பது கிராம் எடைப் பறவை. வடதுருவத் தூந்திராவில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே வந்து, திரும்பிப் பறக்கச் சேற்றைக் கொத்திக் கொத்திக் கொழுப்புச் சேர்க்கிறது. ஒவ்வொரு பதற்றமும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் கழிகிறது. ‘ஒரு தடவைதானே’ என்று சொல்லிக்கலாம். அன்று காலை எனக்கு முன்னால் வந்தவரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்? எந்தத் தனி ரிக்வெஸ்டும் சர்வரைக் கவிழ்ப்பதில்லை. என் தொழிலில் தினமும் பார்ப்பது.

இப்போது சேற்றோரம் குப்புறப் படுத்துக் காத்திருக்கிறேன். அவையாக நெருங்கினால் படம். போன முறை நெருங்கலை. அந்தப் பழைய படத்தை அழிக்கவும் மனசு வரலை.